சென்னிமலைக்குப் போகாத வண்டி

மார்ச் 2, ஞாயிறு

இன்று வண்டி வாங்கினேன். வாங்கினேன் என்று எழுதுவது முழுக்கச் சரியில்லை. காலையில் பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்தபோது அது வாசலில் நின்றுகொண்டிருந்தது. என் மனைவி பரிமளத்தின் தம்பி தண்டபாணி அதன் பானட்டின்மேல் சாய்ந்துகொண்டு, "மாமா, யோசிக்கறதுக்கு இதுல என்ன இருக்குது? ஏறி உக்காருங்க" என்றான். வாய் நிறையப் பற்பசை நுரை இருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு சாவியை என் சட்டைப் பையில் போட்டுவிட்டான்.

பெரிய வண்டி. ஏழு பேர் உட்காரலாம். நாங்கள் மூன்று பேர். ஒரு காலத்தில் வெள்ளை நிறமாக இருந்திருக்கும். மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. அந்த இடத்தில் மீட்டர் நின்றுவிட்டதால் அதற்குப் பிறகு எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது. தண்டபாணிக்கு முன்னால் யாரிடம் இருந்தது, அவருக்கு முன்னால் யாரிடம் இருந்தது என்று கேட்டேன். "நல்ல குடும்பத்துல இருந்து வந்திருக்குது" என்றான்.

காப்பி குடிக்கும்போது இன்னொரு விஷயமும் சொன்னான். மகள் பூவிழிக்கு ஒரு வரன். சென்னிமலை. பையனும் நல்ல குடும்பத்திலிருந்துதான் வருகிறானாம்.

இரண்டுக்கும் சரி என்றேன்.

மார்ச் 5, புதன்

மூக்குக்கண்ணாடிக் கடையை மத்தியானம் சாத்திவிட்டு வண்டியை ரங்கராஜின் பட்டறைக்கு எடுத்துப் போனோம். பூவிழிதான் ஓட்டினாள். எனக்கு லைசென்ஸ் இருக்கிறது, தைரியம் இல்லை. அவள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் பாடம் நடத்துகிறவள்; எந்திரம் என்றால் பயப்படமாட்டாள்.

ரங்கராஜ் பானட்டைத் திறந்து வெகுநேரம் உள்ளே பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "உசுரு இருக்குதுங்ணா" என்றார். அதற்கு மேல் உறுதி எதுவும் தரவில்லை.

இதுவரை தெரிந்த குறைகள்: ஸ்டியரிங்கை முழுசாக இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கிறது. பின்னால் இடது கதவு வெளியிலிருந்து மட்டுமே திறக்கும். ஏசியின் குளிர்ச்சி முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் வலது முழங்காலுக்கு மட்டும் கிடைக்கிறது. ரிவர்ஸ் எடுத்தால் குழந்தை அழுகிற சத்தம் வருகிறது. முன்பு யாரோ ஆசையாக மாட்டிய கருவியாம். நேற்று பின்னால் எடுத்தபோது எதிர்வீட்டு அம்மா கரண்டியோடு ஓடிவந்துவிட்டார்.

எப்போது எப்போது மக்கர் பண்ணுகிறது என்று தேதி போட்டு எழுதிவைக்கச் சொன்னார் ரங்கராஜ். எனக்கு இது பிடித்திருந்தது. நானும் கடைக்கு வருகிறவர்களிடம் எப்போதிலிருந்து மங்கலாகத் தெரிகிறது என்றுதான் முதலில் கேட்பேன். லென்ஸ் கம்பெனிக்காரர்கள் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. வண்டி வந்த அன்றே அதில் எழுத ஆரம்பித்திருந்தேன், இனியும் அதில்தான். இது வண்டிக்கான டைரி. வேறு விஷயங்கள் இதில் வராது.

மார்ச் 9, ஞாயிறு

வண்டி இன்று எங்கும் போகவில்லை. சென்னிமலையிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

பையன் பெயர் நவநீதன். அப்பா அர்த்தநாரி தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கிறார். தங்கமான மனுஷர், பஜ்ஜியில் உப்பு இல்லாததைக்கூடப் பாராட்டினார். பையனின் கண்ணாடி மூக்கின்மேல் சரியாக உட்காரவில்லை, பேச்சின் நடுவே கழற்றி வாங்கி ஃபிரேமை நிமிர்த்திக் கொடுத்தேன். "இப்ப நல்லா தெரியுதுங்க" என்றான். தெரிந்த பிறகு அவன் பார்த்தது சுவர்க் கடிகாரத்தை.

பூவிழியும் அவனும் மாடியில் தனியாகப் பேசினார்கள். இறங்கி வந்தபின் என்ன பேசினீர்கள் என்று பரிமளம் கேட்டாள். "நம்ம வீட்டுத் தண்ணி உப்பான்னு கேட்டாருங்கம்மா. லேசா உப்புன்னு சொன்னேன்" என்றாள்.

தண்டபாணி எல்லோரும் கேட்க, "புள்ளைக்குப் புடிச்சிருக்குது" என்றான். யாரும் மறுக்கவில்லை. அடுத்த ஞாயிறு நாங்கள் அவர்கள் வீட்டைப் பார்க்கப் போகிறோம். நம் வண்டியில்.

மார்ச் 16, ஞாயிறு

வண்டி தாராபுரம் வரைக்கும் தேர் மாதிரி வந்தது. ஹாரன் இரண்டே இடத்தில்தான் அடித்தது. தாராபுரம் தாண்டி ஒரு கடையில் டீ குடிக்க நிறுத்தினோம். பூவிழி தலைவலி என்று வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் திரும்பி வந்து ஏறியதும் வண்டி எழவில்லை. செல்ஃப் அடிக்கிறது, என்ஜின் பிடிக்கவில்லை.

சுற்றிலும் காற்றாலைகள். ஊரில் இருக்கிற காற்றெல்லாம் எங்கள் தலைக்கு மேலே வேலை செய்துகொண்டிருந்தது. நாங்கள் மூவரும் தாம்பூலத் தட்டோடு நின்றோம். தட்டில் இருந்த ஆப்பிளை ஒரு ஆடு கவ்விக்கொண்டு போயிற்று. பரிமளம் அதை விரட்டாதது ஆச்சரியம்.

அர்த்தநாரிக்கு போன் பண்ணினேன். கோபமே இல்லை அவருக்கு. "வண்டின்னா அப்படித்தானுங்க. அடுத்த வாரம் வாங்க" என்றார்.

மத்தியானம் ரங்கராஜ் பைக்கில் வந்தார். டாஷ்போர்டுக்குக் கீழே குனிந்தவர், அப்படியே என்னை நிமிர்ந்து பார்த்தார். டீசல் பம்ப்பின் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"இது தானா கழண்டு விழாதுங்ணா."

எலியாக இருக்கும் என்றேன். அவர் பூவிழியைப் பார்த்தார். அவள் காற்றாலையைப் பார்த்தாள். எலியாகத்தான் இருக்கும் என்று ரங்கராஜும் ஒத்துக்கொண்டு வேறு ஃபியூஸ் போட்டார்.

மார்ச் 18, செவ்வாய்

எலிப்பொறி வாங்கி டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்தேன். மசால் வடை.

வண்டியைச் சோதித்துப் பார்க்கப் பழனிக்குப் போய்வந்தோம். ஒரு குறையும் இல்லை. வழியில் பூவிழி பாடிக்கொண்டே ஓட்டினாள்.

மார்ச் 21, வெள்ளி

எலி விழவில்லை. வடையைக் காணோம். பூவிழியின் மேஜையில் சிவப்புப் பேனா எடுக்கப் போனபோது, பேனா டப்பாவில் சின்னதாக மஞ்சள் நிறத்தில் ஒரு ஃபியூஸ் கிடந்தது. பாடம் நடத்துகிறவளுக்கு இதெல்லாம் தேவைப்படும். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

சென்னிமலைக்குப் புறப்பட்டோம். தெருமுனையில் நின்றுவிட்டது. அதே ஃபியூஸ்.

மார்ச் 24, திங்கள்

வேலை முடிந்து மூவரும் அமராவதி அணைக்குப் போனோம். வண்டி பூ மாதிரி போயிற்று. பரிமளத்துக்கு முதலைப் பண்ணை பிடித்திருந்தது.

மார்ச் 30, ஞாயிறு

இந்த வண்டி கிழக்கே போகிறது, தெற்கே போகிறது. வடக்கே சென்னிமலைப் பக்கம் மட்டும் போகவில்லை. இதை நான் தண்டபாணியிடம் சொல்லியிருக்கக்கூடாது.

இன்று காலையில் ஒரு ஜோசியரோடு வந்துவிட்டான். வண்டி முதன்முதலாகப் பதிவான தேதியைப் பிறந்த தேதியாக வைத்து, ஆர்.டி.ஓ. ஆபீஸ் திறக்கிற நேரத்தைப் பிறந்த நேரமாக வைத்து ஜாதகம் கணித்தார்கள். வண்டிக்குக் கடக ராசி. ஏழில் செவ்வாய். தோஷம் இருக்கிற வண்டி கல்யாண காரியத்துக்கு நேராகப் போகாதாம். முதலில் அதற்கு ஒரு பரிகாரம் செய்ய வேண்டுமாம்.

தோட்டத்து வாழை மரத்துக்கும் வண்டிக்கும் மஞ்சள் கயிறு கட்டினார்கள். நான் வண்டியின் தகப்பன் ஸ்தானத்தில் நின்றேன். பரிமளம் என் பக்கத்தில் நின்றாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தண்டபாணி நினைத்துக்கொண்டான். "அக்காவுக்கு இப்பவே புள்ளையப் பிரியற கவலை" என்று ஜோசியரிடம் சொன்னான்.

பூவிழி இந்தச் சடங்கு முழுவதையும் போனில் படமெடுத்து யாருக்கோ அனுப்பினாள். யாருக்கு என்று கேட்டேன். நவநீதனுக்காம். அவன் பதிலுக்கு ஒரு வார்த்தைதான் அனுப்பியிருந்தான்: "பாவம்." வண்டியைச் சொன்னானா வேறு யாரையாவது சொன்னானா தெரியவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பரிகாரம் முடிந்ததால் புறப்பட்டோம். காங்கேயம் வரைக்கும் போய்விட்டது. இதுவரை இவ்வளவு தூரம் வந்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

காங்கேயத்தில் பெட்ரோல் பங்கில் பரிமளம் பாத்ரூம் போயிருந்தாள். பூவிழி டாஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டாள். நான் பின்சீட்டில் இருந்தேன். அவள் என்னைக் கண்ணாடியில் பார்த்துவிட்டாள். கை அங்கேயே நின்றது.

வேறு யாராக இருந்தாலும் ஏதாவது சொல்லியிருப்பார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி போயிற்று. திரும்பிப் பார்த்தபோது அவள் சாவியைத் திருகிக்கொண்டிருந்தாள், வண்டி எழவில்லை.

தாம்பூலத் தட்டை பங்க்காரரிடமே கொடுத்துவிட்டோம்.

ஏப்ரல் 10, வியாழன்

ரங்கராஜ் பேட்டரியில் வெள்ளையாகப் பூத்திருந்ததைக் காட்டினார். வாரம் ஒரு தடவை ஒயர் மாட்டியிருக்கும் டெர்மினலைக் கழற்றிச் சுடுதண்ணீர் ஊற்றித் துடைக்க வேண்டும். ஒரு ஸ்பேனரும் கொடுத்தார். எப்படிக் கழற்றுவது, எப்படி முறுக்குவது என்று இரண்டு தடவை செய்துகாட்டினார். என் கைக்குச் சுலபமாக வருகிறது. கண்ணாடி ஃபிரேமின் திருகை விடப் பெரியதுதானே.

ஏப்ரல் 13, ஞாயிறு

பூவிழியும் நானும் மட்டும் ஆனைமலைப் பக்கம் போனோம், புது கிளட்ச் வயர் எப்படி இருக்கிறது என்று பார்க்க. தென்னந்தோப்பு ஓரமாக நிறுத்தி இளநீர் குடித்தோம். பையனிடம் என்ன குறை என்று கேட்டேன். எலியைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

"ஒரு கொறையும் இல்லீங்கப்பா. நல்லவருதான். தெனமும் ஏழு மணிக்கு போன் பண்றாரு. அவரு எப்ப வெப்பாருன்னு நான் பாத்துட்டே இருக்கறேன். நான் எப்ப வெப்பேன்னு அவரும் பாத்துட்டே இருக்கறாரு. மரியாதைக்கு ரெண்டு பேரும் வெக்காம இருக்கறோம்."

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே கண்ணு என்றேன்.

"சொன்னா நீங்க மாமாகிட்ட வேண்டாம்னு சொல்லோணும். உங்களால முடியாதுங்கப்பா. வாசல்ல வண்டிய நிறுத்துனப்பவே முடியல."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. கடைக்கு வருகிறவரிடம் உங்களுக்குத் தூரப்பார்வை இல்லை என்று நான் சொல்வது மாதிரிதான் சொன்னாள். நான் இளநீர் மட்டையைக் கீழே வைத்தேன். பிறகு கிளட்ச் பற்றிப் பேசினோம். கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கிறது. போகப் போகச் சரியாகும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

அர்த்தநாரிக்கு போன் பண்ணினேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் பண்ணினேன். அவர் எடுத்ததும், நானே உங்களைக் கூப்பிடலாம் என்று இருந்தேன் என்றார். ஞாயிற்றுக்கிழமைகள் வீணாகிக்கொண்டே இருப்பதால் வீடு பார்ப்பதை விட்டுவிட்டு நேராக நிச்சயத்தையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவ்வளவு தன்மையாகக் கேட்டார்.

மே 16, வெள்ளிக்கிழமை. சென்னிமலையில் மண்டபம்.

ஏப்ரல் 17, வியாழன்

மறுபடியும் போன் பண்ணினேன், நிச்சயத்தை நிறுத்துவதற்காக. சாப்பாட்டில் அவியலும் இருக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டு வைத்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

தண்டபாணியின் வீட்டுக்கு நேரில் போனேன். நேரில் என்றால் முடியும் என்று நினைத்தேன். அவன் நாதஸ்வரக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது நாதஸ்வரத்துக்கு முன்பணமும் கொடுத்துவிட்டு வந்தேன்.

வண்டி நன்றாக இருக்கிறது. ரேடியேட்டரில் லேசாக ஒழுகல், அவ்வளவுதான்.

மே 2, வெள்ளி

பரிமளம் தன் தம்பியிடம் போனில், "இந்த மாதிரி இடம் கெடைக்க நாம குடுத்து வெச்சிருக்கோணும்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு வெகுநேரம் கொத்தமல்லி ஆய்ந்தாள். இலையைக் குப்பையில் போட்டுத் தண்டைப் பாத்திரத்தில் வைத்தாள். பிறகு என்னிடம், வண்டி டயரில் காற்று எந்த வழியாக உள்ளே போகிறது என்று கேட்டாள். திருமணமாகி இத்தனை வருஷத்தில் பரிமளம் ஒரு சைக்கிளைப் பற்றிக்கூடக் கேட்டதில்லை. வால்வைக் காட்டினேன். மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் ஊசியை அமுக்கினால் காற்று வெளியே வந்துவிடும் என்றும் சொன்னேன். எதை வைத்து அமுக்கலாம் என்று கேட்டாள். எதுவும் போதும், ஊக்கு போதும் என்றேன்.

மே 15, வியாழன்

நாளை நிச்சயம். தண்டபாணி சாயங்காலமே உறவினர்களை வேனில் ஏற்றிக்கொண்டு சென்னிமலைக்குப் போய்விட்டான். அங்கே லாட்ஜ் போட்டிருக்கிறான். நாங்கள் மூவரும் காலையில் சீர்த்தட்டுகளோடு வண்டியில் போகவேண்டும். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள்.

வேன் போனபின் வீடு அமைதியாக இருந்தது. பூவிழி வண்டியில் எதையோ மறந்துவிட்டேன் என்று சாவியை வாங்கிப் போனாள். அவள் வந்ததும் பரிமளம் வாசலில் கோலம் போடவேண்டும் என்று போனாள். எங்கள் வீட்டில் சாயங்காலம் கோலம் போடுகிற வழக்கமில்லை, ஆனால் நான் கேட்கவில்லை. அவள் வந்ததும் நான் பேட்டரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தேன். வாரம் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ரங்கராஜ் சொல்லியிருக்கிறார்.

வெள்ளைச் சட்டையின் கையில் கறுப்பாகக் கறை ஆகிவிட்டது. பரிமளம் ஒன்றும் கேட்காமல் வாங்கி ஊறவைத்தாள்.

மே 16, வெள்ளி

காலையில் பட்டும் வேட்டியுமாக வண்டியில் ஏறினோம். சாவியைத் திருகினாள். ஒரு சத்தமும் இல்லை. டாஷ்போர்டில் விளக்கே எரியவில்லை. பூவிழியின் முகத்தில் உண்மையான திகைப்பைப் பார்த்தேன். இவ்வளவு அவள் எதிர்பார்க்கவில்லை என்று தோன்றியது. அதே நேரம் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதையும் கவனித்தேன்.

ரங்கராஜ் வந்தார். பானட்டைத் திறந்தார், மூடினார். டாஷ்போர்டுக்குக் கீழே பார்த்தார். வண்டியைச் சுற்றி நடந்தார். பிறகு எங்கள் மூவரையும் வரிசையாக நிறுத்திச் சொன்னார்.

"பேட்டரி ஒயரு கழண்டிருக்குது. பம்ப்பு ஃபியூஸு இல்ல. வலது பக்கம் ரெண்டு டயர்லயும் காத்து இல்ல. இதுல ஒண்ணே ஒண்ணு இருந்திருந்தாக்கூட வண்டி போயிருக்காதுங்க. மூணும் எதுக்குங்க?"

நான் சன்னல் பக்கம் திரும்பினேன். வால்வு மூடிகள் சன்னல் விளிம்பில் கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. மூடியைக்கூடக் கழுவாமல் பரிமளத்தால் இருக்கமுடியாது. நான் அவற்றைப் பார்த்ததை அவள் பார்த்தாள். பூவிழி என் சட்டைக் கையைப் பார்த்தாள். வேறு சட்டைதான், ஆனாலும் பார்த்தாள். ரங்கராஜ், சரிசெய்ய எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளட்டும் என்று என்னிடம் கேட்டார். இந்த மாதிரி எந்த மெக்கானிக்கும் யாரிடமும் கேட்டிருக்கமாட்டார். மெதுவாகப் பாருங்கள் என்றேன்.

தண்டபாணி போனில் கத்தினான். டாக்ஸி அனுப்பினான். டாக்ஸி வந்தபோது பத்தரை ஆகிவிட்டது. ராகு காலத்தில் வாசல்படி தாண்டமுடியாது என்று பரிமளம் கதவைச் சாத்திவிட்டாள். டாக்ஸிக்காரர் உள்ளே உட்கார்ந்து எங்களோடு இட்லி சாப்பிட்டார்.

அர்த்தநாரி அப்போதும் கோபப்படவில்லை. பெண் வீட்டில் நிச்சயம் செய்வதும் வழக்கம்தானே, நாங்களே கிளம்பி அங்கே வருகிறோம் என்றார். இந்த மனுஷரின் நல்ல குணத்துக்கு ஒரு எல்லை இருக்கக்கூடாதா என்று நினைத்தேன். எங்கள் மூவருக்கும் முகம் செத்துவிட்டது. வண்டியில் இனிமேல் கழற்றுவதற்கும் ஒன்றும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு போன். நவநீதன். முதல்முறையாக என்னோடு நேராகப் பேசினான்.

"மாமா, எங்க காரு ஸ்டார்ட் ஆகலீங்க. வாங்கி ஒரு மாசம்தான் ஆச்சு. ஃபியூஸைக் காணோமுங்க."

அவன் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது.

"எலியா இருக்கும் தம்பி" என்றேன்.

"ஆமாங்க" என்றான் நிம்மதியாக. "எலிதானுங்க."

இது இத்தோடு முடிந்திருக்கும். முடியவில்லை. தண்டபாணி மத்தியானம் டாக்ஸியில் வந்து சேர்ந்தான். வியர்வையில் பட்டுச்சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரே நாளில் இரண்டு வண்டியும் நின்றது சகுனம் சரியில்லை என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டாராம். அதற்கும் அவன் வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். ஆவணியில் நல்ல நாள் இருக்கிறது. அதற்குள் இரண்டு வண்டிக்கும் சேர்த்து ஒரு பரிகாரம். அர்த்தநாரியைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தான். "மாமா, சரின்னு சொல்லுங்க, தேதியைக் குறிச்சுக்கறாங்க" என்றான்.

சரி என்று சொன்னால் மூன்று மாதம் நிம்மதி. அதற்குள் ஃபியூஸ் எத்தனை வாங்கவேண்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பரிமளம் சமையலறை வாசலில் நின்றாள். பூவிழி தலையில் பூவோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததைத் திரும்பப் பார்ப்பானேன் என்று இருந்தாள். அது எனக்குத் தாங்கவில்லை.

"வேண்டாமுங்க" என்றேன்.

ஆவணி வேண்டாமா என்று அர்த்தநாரி கேட்டார்.

"ஆவணியும் வேண்டாமுங்க, தையும் வேண்டாமுங்க. எம் பொண்ணுக்கு இதுல விருப்பம் இல்லீங்க. உங்க பையனுக்கும் இல்லைன்னு நெனைக்கறேன், கேட்டுப் பாருங்க. மொதல்லயே சொல்லியிருக்கோணும். சொல்லத் தெரியலீங்க."

தண்டபாணி என் வாயையே பார்த்தான், வேறு யாரோ பேசியது மாதிரி. பிறகு அர்த்தநாரி, கொஞ்சம் இருங்கள் என்றார். தூரத்தில் அவர் மகனை ஏதோ கேட்பதும் மகன் ஏதோ சொல்வதும் கேட்டது. திரும்ப வந்து, "அவியல் நெறையா மிஞ்சிருச்சுங்க" என்றார். குரலில் அப்போதும் கோபம் இல்லை, ஆனால் முதல்முறையாகக் களைப்பு இருந்தது. எனக்கு அது வலித்தது. வைத்துவிட்டார்.

தண்டபாணி, ஊரில் இனி எப்படித் தலைகாட்டுவது என்று ஆரம்பித்தான். பரிமளம் வந்து அவன் முன்னால் இட்லித் தட்டை வைத்து, "சாப்புட்டுட்டுப் பேசுடா. எம் புள்ளைய நானே பாத்துக்கறேன்" என்றாள். அவன் சாப்பிட்டான். சாப்பிட்டபின், அப்படியென்றால் என் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வேறு ஆள் இருக்கிறார் என்றான்.

"அதுவும் முடியாது மாப்ள" என்றேன்.

ஒரே நாளில் இரண்டாவது. தண்ணீர் குடித்தேன்.

வண்டி: சாயங்காலம் ரங்கராஜ் மூன்றையும் சரிசெய்துவிட்டார். முதல் திருகலிலேயே எழுந்தது.

மே 20, செவ்வாய்

தண்டபாணி போன் எடுப்பதில்லை. பரிமளம் தினமும் ஒரு தடவை அடித்துப் பார்க்கிறாள்.

நவநீதன் பூவிழிக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தான். அவன் அப்பா இரண்டு நாள் பேசவில்லையாம், இப்போது பேசுகிறாராம். அடைப்புக்குறிக்குள், ஏழு மணி இப்போது காலியாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தான். அவள் சிரித்துவிட்டுப் பேப்பர் திருத்தப் போனாள்.

ஆயில் மாற்றினேன்.

மே 25, ஞாயிறு

சென்னிமலைக்குப் போனோம். யாரையும் பார்க்க இல்லை, முருகனைப் பார்க்கத்தான். பரிமளம் வேண்டிக்கொண்டிருந்தாளாம். எப்போது வேண்டிக்கொண்டாள், என்ன வேண்டிக்கொண்டாள் என்று சொல்லவில்லை.

வண்டி தாராபுரம் தாண்டியது, காங்கேயம் தாண்டியது. மலை கண்ணுக்குத் தெரிந்தது. நான்தான் ஓட்டினேன். பூவிழி பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலுக்கு ஏசி வாங்கிக்கொண்டு, கியரை எப்போது மாற்றுவது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஊர் எல்லையில் அடியிலிருந்து பெரிதாக ஒரு சத்தம். வண்டி கொஞ்ச தூரம் உருண்டு, புளியமரத்தடியில் நின்றது. கியர் எதிலும் விழவில்லை. புகை வந்தது.

நான் பூவிழியைப் பார்த்தேன். பூவிழி பரிமளத்தைத் திரும்பிப் பார்த்தாள். பரிமளம் என்னைப் பார்த்தாள்.

"நான் இல்லீங்க" என்றாள் பரிமளம். "மலைக்கு வரோணும்னு சொன்னவளே நானு."

"நானும் இல்லீங்கப்பா. சத்தியமா."

"இந்தத் தடவை நானும் இல்ல" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. இரண்டு பேரும் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார்கள். பிறகு பரிமளம் சிரிக்க ஆரம்பித்தாள். இந்த முறை முந்தானையால் மூடிக்கொள்ளவில்லை. பின்னால் இடது கதவை உள்ளிருந்து திறக்கமுடியாமல், உள்ளேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் இறங்கிப் போய் வெளியிலிருந்து திறந்துவிட்டேன்.

ரங்கராஜுக்கு போன் பண்ணினேன். சத்தம் எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டு, கிளட்ச் பிளேட் போயிருக்கும், வண்டிக்கு வயசாகிவிட்டது, வேறு ஒன்றும் இல்லை என்றார். வந்துசேர மூன்று மணிநேரம் ஆகுமாம்.

வண்டியைப் பூட்டிவிட்டு மலைக்கு நடந்தோம்.